மொஷ்வேஷ்வே: வழக்காற்றை அரணாகக் கொண்ட மன்னர்

போரில் வென்று நாடு பிடித்த மன்னர்களை உலக வரலாறு நிறையவே அறியும். வென்ற அன்றிரவே பகைவனுக்குச் சமாதான ஓலை விடுத்த மன்னர்கள் மிகச் சிலர். தென்னாப்பிரிக்க மலைநாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாசோத்தோ மக்களின் தலைவர் மொஷ்வேஷ்வே அச்சிலருள் ஒருவர். நாற்புறமும் தென்னாப்பிரிக்கக் குடியரசு சூழ்ந்திருக்க, நடுவே தனி நாடாக விளங்கும் லெசோத்தோ அவர் கட்டி எழுப்பிய நாடாகும். அவரினும் பெரும்படை கொண்டிருந்த ஆப்பிரிக்க அரசுகள் பல அந்நூற்றாண்டில் அழிந்தன. அவருடைய நாடு குறுகிப்போயிற்று, ஆயினும் பிழைத்தது. அதற்குத் துணைநின்ற மலையரணைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். தம் முன்னோரின் வழக்காற்றுச் சட்டத்தை அவர் எவ்வாறு ஓர் அரணாகப் பயன்படுத்தினார் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பூசல் என்று பெயர் பெற்ற பிள்ளை

மொஷ்வேஷ்வே ஏறத்தாழ 1786-ஆம் ஆண்டில், இன்றைய லெசோத்தோவின் வடபகுதியிலுள்ள மென்க்வானெங் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மொக்காச்சானே முதலையைக் குலச்சின்னமாகக் கொண்ட ஒரு குடியின் சிறு தலைவர். பிள்ளைக்கு இடப்பட்ட பெயர் லெபோக்கோ. பூசல் என்பது அதன் பொருள். வாழ்நாள் முழுதும் பிறர் பூசலைத் தீர்த்தவருக்கு இப்பெயர் வாய்த்தது வியப்பே.

இளமையில் அவர் மாடு கவர்வதில் பேர்பெற்றவர். தமிழ் இலக்கணம் வெட்சி என்று வகுத்த ஆநிரை கவர்தல் அம்மலைநாட்டிலும் வீரத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. ராமொனாஹெங் என்னும் தலைவரின் ஆநிரையை முழுதும் கவர்ந்து, அவருடைய தாடியை மழித்துவிட்டதாகத் தம்மைப் புகழ்ந்து அவர் ஒரு பாட்டுக் கட்டினார். மழிக்கும் கத்தியின் ஓசையைக் குறிக்கும் மொஷ்வேஷ்வே என்ற சொல்லே பின்னர் அவர் பெயராக நிலைத்தது.

முரட்டு இளைஞராயிருந்த அவரை மாற்றியவர் மொஹ்லோமி என்னும் முதியவர். மருத்துவரும் தலைவருமாகிய மொஹ்லோமி, நாடெங்கும் சுற்றி அமைதியைப் பரப்பியவர். ஆட்சி என்பது அருளினால் நடத்தப்பட வேண்டும் என்றும், சூனியக் குற்றம் சாட்டி எவரையும் கொல்லலாகாது என்றும் அவர் இளைஞருக்கு அறிவுறுத்தினார். அவ்வறிவுரை நாற்பதாண்டுகள் கழித்துச் சட்டமாக எழுதப்படும் காலம் வந்தது.

நடமாடும் கல்லறைகள்

1820-களில் அந்நிலப்பரப்பெங்கும் பெருங்குழப்பம் சூழ்ந்தது. லிஃபாக்கானே என்று மக்கள் அழைத்த அக்காலத்தில், ஒரு குடி மற்றொரு குடியைத் துரத்த, அது வேறொன்றைத் துரத்த, விளைநிலங்கள் பாழாயின, மாடுகள் அழிந்தன. பசி தாங்காத சிலர் மனித ஊன் உண்ணும் நிலைக்குத் தாழ்ந்தனர். 1824-ஆம் ஆண்டில் மொஷ்வேஷ்வே தம் மக்களை அழைத்துக்கொண்டு, பகைவர் எளிதில் ஏற முடியாத தாபா போசியு என்னும் தட்டைமலையை நோக்கிப் புறப்பட்டார். இரவின் மலை என்பது அப்பெயரின் பொருள். வழியில் பின்தங்கிய முதியவர்கள் சிலரை ராக்கோட்ஸ்வானே என்பவனின் கூட்டத்தார் பிடித்து உண்டுவிட்டனர். மொஷ்வேஷ்வேயின் பாட்டனார் பீட்டேயும் அவர்களுள் ஒருவர்.

பின்னர் அக்கூட்டத்தார் மொஷ்வேஷ்வேயின் கையில் அகப்பட்டனர். கொன்று பழிதீர்க்க வேண்டும் என்பதே சுற்றத்தாரின் எண்ணம். அவரோ வழக்காற்றிலிருந்தே வேறு ஒரு முடிவை எடுத்தார். முன்னோரின் கல்லறையைக் குலைத்தல் பெரும்பிழை என்பது பாசோத்தோ வழக்கு. தம் பாட்டனாரின் உடல் இவர்கள் வயிற்றில் அடங்கிற்று. ஆகவே இவர்களே அவருடைய கல்லறைகள் என்று அவர் கொண்டார். மாட்டை அறுத்து அதன் குடற்சாணத்தைக் கல்லறைமேல் பூசித் தூய்மை செய்யும் சடங்கை அம்மனிதர்களின் உடல்மேலேயே செய்வித்தார். பிறகு பிழைப்பதற்கு மாடும் நிலமும் அளித்து அவர்களைத் தம் குடிகளாக்கிக் கொண்டார்.

இதனை வெறும் இரக்கம் என்று கொள்வது பொருந்தாது. பழிக்குப் பழி என்று தொடங்கியிருந்தால் அம்மலைகளில் கொல்ல வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் கூறியிருந்தால் இறந்தவருக்குரிய கடமை தீர்ந்திராது. சுற்றத்தாரின் மனமும் ஆறியிராது. சடங்கு இரண்டையும் நிறைவேற்றிற்று. இறந்தவர் மதிக்கப்பட்டார், இருப்பவர் வாழ்ந்தனர்.

மாடும் மன்றமும்

சிதறிய குடிகளை ஒரே நாடாக இணைக்க அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய வழக்குகளையே பெரிய அளவில் நடைமுறைப்படுத்தினார். முதலாவது மாஃபிசா. செல்வர் தம் மாடுகளை ஏழையிடம் ஒப்படைப்பர். பாலும் உழைப்பும் வளர்ப்பவனுக்கு, மாடு உரியவருக்கு. அனைத்தையும் இழந்து மலையடிவாரம் வந்து சேர்ந்தவர்களுக்கு மொஷ்வேஷ்வே இவ்வாறு மாடு கொடுத்தார். மாடு பெற்றவன் அவருடைய குடியானான்.

இரண்டாவது கோட்லா எனப்படும் தலைவரின் அறமன்றம். அங்கு வழக்குகள் வெளிப்படையாகக் கேட்கப்பட்டன. தீங்கிழைத்தவன் மாடு கொடுத்து ஈடுசெய்து, பாதிக்கப்பட்டவனோடு மீண்டும் ஒன்றி வாழ வேண்டும் என்பதே பெரும்பாலும் தீர்ப்பின் நோக்கம். மூன்றாவது பிட்சோ எனப்படும் பேரவை. நாட்டுக்குரிய பெருஞ்செய்திகள் அதில் விவாதிக்கப்பட்டன. எளிய குடியானவனும் எழுந்து தலைவரைக் கண்டித்துப் பேசலாம். எல்லோரும் பேசிய பின்னரே தலைவர் முடிவு கூறுவார். மக்களாலேயே தலைவன் தலைவனாகிறான் என்பது அவர்களின் பழமொழிக் கருத்து.

பகைவரிடத்தும் இதே முறை தொடர்ந்தது. 1831-இல் மிசிலிகாசியின் இந்தெபெலே படையினர் தாபா போசியுவைத் தாக்கினர். மேலிருந்து உருட்டப்பட்ட பாறைகளுக்கு ஆற்றாமல் அவர்கள் பின்வாங்கினர். தோற்றுத் திரும்பும் அப்படைக்கு மொஷ்வேஷ்வே கொழுத்த எருதுகளை அனுப்பி, பசியே அவர்களை இவ்வளவு தொலைவு கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படை மீண்டும் அம்மலைக்கு வரவில்லை. தோற்றவன் தலைகுனியாமல் வீடு திரும்ப ஒரு வழி விடவேண்டும் என்பது அவருடைய அரசியலின் முதற்பாடம் எனலாம்.

காகிதத்தில் எழுதிய எல்லை

1833-இல் காசாலிஸ், அர்புசே, கோசலான் என்னும் பிரெஞ்சுச் சமயப் பணியாளர் மூவர் அவரிடம் வந்தனர். வெள்ளையரின் மொழியையும் நோக்கத்தையும் அறிய இவர்கள் உதவுவர் என்று கண்ட மொஷ்வேஷ்வே, அவர்களை வரவேற்று இடமளித்தார். கேப் குடியேற்ற நாட்டிலிருந்து போயர் குடும்பங்கள் மாட்டுவண்டிகளில் வடக்கே வந்துகொண்டிருந்த காலம் அது. 1843-இல் கேப் ஆளுநர் நேப்பியரோடு அவர் உடன்படிக்கை செய்துகொண்டார். பிரிட்டன் அவரை நட்பரசராக ஏற்றது.

ஆயினும் இரு சட்டங்கள் இங்கு மோதின. பாசோத்தோ வழக்கில் நிலம் குடிமக்கள் அனைவர்க்கும் பொது. தலைவர் அதனைப் பயன்படுத்தக் கொடுக்கலாம், விற்க முடியாது. வந்தவர்களுக்குத் தங்க இடம் தந்ததை, மாஃபிசா மாட்டைப் போன்ற ஒரு கடனாகவே மொஷ்வேஷ்வே கருதினார். பால் கறக்கக் கொடுத்த மாட்டை, பெற்றவன் தன்னதென்று சொல்லலாகாது. போயர்களோ தங்கிய நிலம் தங்களுக்கே சொந்தம் என்றனர். 1849-இல் பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் வார்டன் வரைந்த எல்லைக்கோடு பாசோத்தோவினரின் வளமான நிலங்கள் பலவற்றை வெட்டியெடுத்தது. மொஷ்வேஷ்வே மனக்கசப்புடன் அதனை ஏற்றார். அவருடைய மக்கள் மனத்தால் ஏற்கவில்லை. மாடு கவர்தலும் பதிலடியும் பெருகின.

மற்றொரு முரணும் இருந்தது. தலைவர் கையொப்பமிட்டால் நாடு முழுதும் கட்டுப்படும் என்று ஐரோப்பியர் கொண்டனர். பாசோத்தோவில் சிற்றூர்த் தலைவர்களும், ஏன், அவருடைய சொந்த மக்களுமே தத்தம் பகுதியில் தனியுரிமை உடையவர்கள். அவர்களின் கொள்ளைக்கெல்லாம் மொஷ்வேஷ்வே பொறுப்பாளியாக்கப்பட்டார். அவர் முழுதும் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. 1853-இல் அண்டைத் தலைவர் செகொன்யேலாவைப் படைகொண்டு வென்று அந்நாட்டைத் தம்மோடு இணைத்துக்கொண்டார். தம் பிள்ளைகளைக் கண்டித்து அடக்குவதிலும் அவர் பலமுறை தயங்கினார்.

வென்றவர் விடுத்த ஓலை

1852 டிசம்பரில் ஆளுநர் ஜெனரல் காத்கார்ட் படையுடன் வந்தார். 10,000 மாடுகளும் 1,000 குதிரைகளும் மூன்றே நாளில் அபராதமாக வேண்டும் என்றார். ஈடாக மாடு கொடுப்பது பாசோத்தோ வழக்கே. ஆனால் வழக்கு விசாரித்துக் கொடுக்கும் ஈடு வேறு. பீரங்கியை நிறுத்திப் பெறும் ஈடு வேறு. ஏறத்தாழ 3,500 மாடுகள் மட்டுமே சேர்ந்தன. மொஷ்வேஷ்வே அவற்றைத் தம் மகன் நெஹெமியாவுடன் அனுப்பி, மேலும் தவணை வேண்டினார். தவணை கிட்டவில்லை.

டிசம்பர் 20-ஆம் நாள் பெரேயா மேட்டு நிலத்தில் போர் மூண்டது. பிரிட்டிஷார் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிச் சென்றனர். எனினும் பாசோத்தோ குதிரைவீரர்களின் எதிர்ப்பில் 38 பேரை இழந்தனர். மலையை அணுக முடியவில்லை. அன்றிரவு பாசோத்தோ முகாமில் வெற்றிக் களிப்பு. மறுநாளும் தாக்கிப் பகைவரை ஓட்டலாம் என்று இளைஞர்கள் துடித்திருப்பர். மொஷ்வேஷ்வேயோ நெஹெமியாவை அழைத்துக் கடிதம் எழுதச் சொன்னார். ஆளுநர் தம் வலிமையைக் காட்டிவிட்டார் என்றும், மாடுகளையும் கொண்டுசென்றுவிட்டார் என்றும், தண்டனை இவ்வளவில் போதும் என்றும், தம் மக்களை இனி ஒழுங்கில் வைக்க முயல்வதாகவும், சமாதானமே வேண்டுவதாகவும் அக்கடிதம் பணிவுடன் கூறிற்று.

காத்கார்ட் அதனை ஏற்றுப் படையுடன் திரும்பினார். தோற்றதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டிய தேவையே நேரவில்லை. இந்தெபெலேயருக்கு எருது கொடுத்தவர், பிரிட்டிஷாருக்கு மானத்தைக் கொடுத்தார். ஒரு சண்டையில் வெல்வது எளிது, ஒரு பேரரசோடு பகை வளர்ப்பது அழிவு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இழப்பும் மீட்பும்

1854-இல் பிரிட்டிஷார் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்னும் போயர் குடியரசை அங்கீகரித்து விலகினர். எல்லைச் சிக்கல் தீர்க்கப்படவே இல்லை. தனித்து விடப்பட்ட மொஷ்வேஷ்வே உள்நாட்டுச் சட்டத்தை உறுதிசெய்வதில் முனைந்தார். 1854-இல் வெளியார் கொண்டுவரும் சாராயத்துக்குத் தடை விதித்தார். 1855-இல் சூனியப் பழி சுமத்திக் கொல்வதைத் தடைசெய்தார். மொஹ்லோமியின் அறிவுரை இவ்வாறு எழுத்தில் ஏறிற்று. 1859-இல் வணிகர்களுக்கு விதி வகுத்தபோது, அவர்கள் கடை வைக்கும் இடம் இரவலே, உடைமையன்று என்ற பழைய வழக்கு அச்சட்டத்துக்கு அடிப்படையாயிற்று.

ஃப்ரீ ஸ்டேட்டுடன் 1858-இலும் மீண்டும் 1865 முதலும் போர் நிகழ்ந்தது. தாபா போசியுவைப் போயர்களால் பிடிக்க முடியவில்லை. ஆனால் பயிரை எரித்தனர். பசி மலையினும் வலிது. மகன் மொலாப்போ தனித்துச் சமாதானம் செய்துகொண்டார். 1866-இல் விளைநிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை திணிக்கப்பட்டது. விட்டுக்கொடுக்கும் இடத்தில் விட்டுக்கொடுத்து நட்பைப் பெறலாம் என்ற மொஷ்வேஷ்வேயின் முறை, நிலத்தையே வேண்டி வந்தவரிடம் பலிக்கவில்லை. ஈட்டு மாட்டால் ஆறும் பசியன்று அது.

முதுமையின் தளர்ச்சியிலும் அவர் இடைவிடாது பிரிட்டிஷ் ஆளுநரை வேண்டினார். தம் மக்களைத் தம் வழக்கின்படி தாமே ஆளவேண்டும். அரசியின் பாதுகாப்பு மட்டும் மேலே இருக்கவேண்டும் என்பதே பல்லாண்டுகளாக அவர் கேட்டது. 1868 மார்ச் 12-இல் ஆளுநர் உட்ஹவுஸ் பாசோத்தோ நாட்டைப் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்டதாக அறிவித்தார். 1869-இல் எல்லை வரையப்பட்டபோது கலேடன் ஆற்றுக்கு மேற்கேயிருந்த வளமான நிலங்கள் போயர்களுக்கே போயின. 1870 மார்ச் 11-இல் மொஷ்வேஷ்வே காலமானார். தாபா போசியு மலைமேலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தேடிவைத்த பாதுகாப்பு வீண்போகவில்லை. 1871-இல் நாடு கேப் அரசின்கீழ் வைக்கப்பட்டது. துப்பாக்கிகளைப் பறிக்க அவ்வரசு முயன்றபோது 1880-இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1884-இல் நாடு மீண்டும் நேரடிப் பிரிட்டிஷ் பொறுப்புக்கு வந்தது. 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் அமைந்தபோது அதனுள் சேராமல் தனித்து நின்றது. அதனாலேயே 1966 அக்டோபர் 4-இல் லெசோத்தோ என்னும் சுதந்திர நாடாக மலர முடிந்தது. 1903-இல் தொகுக்கப்பட்ட லெரோத்தோலி சட்டங்களின் வழியே பழைய வழக்காறும் அந்நாட்டுச் சட்டத்தில் ஓர் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

அவர் பாதுகாத்த நிலம் அவர் பெற்ற நிலத்தினும் சிறிது. மேற்கே இழந்த வயல்களை நினைந்து அம்மக்கள் வருந்துவதும் நியாயமே. எனினும் எங்கிருந்தோ ஓடிவந்து, பசித்து, ஒருவரையொருவர் அஞ்சி நின்றவர்கள் ஒரு நாட்டினராயினர். பாட்டனாரை உண்டவரையும் குடிகளாக ஏற்ற ஒரு மன்றத்திலிருந்து அந்நாடு தொடங்கிற்று. ஆண்டுதோறும் மார்ச் 11-ஆம் நாளை மொஷ்வேஷ்வே நாளாக லெசோத்தோ மக்கள் போற்றி வருகின்றனர்.