அடுப்பில் பிறந்த இசை

தஞ்சையில் வீணை செய்யும் தச்சர் பலாமரத்தைத் தட்டி, அது தரும் ஒலியைச் செவியால் அளந்து பார்ப்பர். கண்ணுக்கு அழகிய மரமெல்லாம் காதுக்கு இனிய மரம் ஆகிவிடாது என்பது அவர் அறிந்த உண்மை. இவ்வுண்மையை ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே சீன நாட்டில் ஒரு பேரறிஞர் விளக்கிக் காட்டினார். அவர் தட்டிப் பார்த்தது தச்சுக்கூடத்து மரத்தையன்று; அயலார் வீட்டு அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகின் ஒலியைத்தான் அவர் கேட்டார். அவர் பெயர் சாய் யோங். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

ஹான் பேரரசு தளர்ந்துவந்த காலத்தில், கி.பி. 132ஆம் ஆண்டையொட்டி, இன்றைய ஹெனான் மாநிலப் பகுதியில் சாய் யோங் பிறந்தார். நோயுற்ற அன்னையின் அருகே மூன்றாண்டுகள் இருந்து பணிவிடை செய்த மகன் என்று அவரை ஊரார் போற்றினர். இலக்கியம், வானநூல், கணிதம், எழுத்துக்கலை ஆகிய அனைத்திலும் அவர் வல்லவர். எனினும், அவர் உள்ளம் தோய்ந்தது 'சின்' என்னும் நரம்பிசைக் கருவியிலேயாகும். ஏழு பட்டு நரம்புகள் பூட்டிய நீண்ட கருவி அது. அவைக் களிப்புக்கு மட்டுமன்றித் தம் மனத்தைச் செம்மை செய்துகொள்ளவும் சான்றோர் பயின்ற கருவி என்று அதனைச் சீனர் மதித்தனர்.

இந்த மதிப்பைச் சாய் யோங் விலைக்கு விற்க ஒருப்படவில்லை. 159ஆம் ஆண்டில், அந்தப்புர அதிகாரிகள் சிலர் அவருடைய இசைத்திறனைப் பேரரசரிடம் எடுத்துரைத்து, அவரைத் தலைநகருக்கு வரவழைத்தனர். ஆணையை மீற இயலாமல் புறப்பட்டவர், பாதி வழியில் நோயுற்றதாகச் சொல்லித் திரும்பிவிட்டார். குடிகளை வருத்தி வாழ்வோர் கூடத்தில் வாசிப்பதைவிட ஊரில் எளியராக வாழ்வதே மேல் என்று அவர் எண்ணினார் போலும்.

அவருடைய செவியின் நுண்மைக்கு ஒரு நிகழ்ச்சி சொல்வர். அயலார் ஒருவர் அவரை விருந்துக்கு அழைத்திருந்தார். வாயிலை அடைந்தபோது உள்ளே ஒருவர் சின் வாசிப்பது கேட்டது. சற்றே நின்று கேட்ட சாய் யோங், இவ்விசையில் கொலைக்குறிப்பு இருக்கிறதே என்று வியந்து திரும்பிவிட்டார். வீட்டார் பின்தொடர்ந்து காரணம் வினவினர். வாசித்தவர் பின்னர் விளக்கம் தந்தார். அவர் வாசிக்கும்போது எதிரே ஒரு கும்பிடுபூச்சி சில்வண்டு ஒன்றைப் பிடிக்கப் பதுங்கியதாம். அது பிடிக்குமோ, தவறவிடுமோ என்று தம் மனம் பதைத்த பதைப்பே விரல்வழி ஒலித்தது போலும் என்றார். சாய் யோங்கும் நகைத்து அதனை ஒப்புக்கொண்டார்.

175ஆம் ஆண்டில் அவர் நிலையான தொண்டொன்றைத் தொடங்கிவைத்தார். படியெடுப்போர் பிழையால் பழைய அறநூல்கள் சிதைந்துவருவதைக் கண்டு, அவற்றின் திருந்திய பாடத்தைக் கல்லில் பொறிக்க வேண்டுமென்று அறிஞர் சிலருடன் சேர்ந்து அரசரை வேண்டினார். சாய் யோங் தாமே செந்நிற மையால் கல்லில் எழுத, சிற்பிகள் செதுக்கினர் என்பது வரலாறு. 46 கற்கள் எழுந்தன. 183இல் பணி நிறைவுற்றது. லோயாங் நகரத்துக் கல்விக்கழக வாயிலில் நின்ற அக்கற்களைப் படியெடுக்க நாள்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வந்து தெருவை அடைத்தனவாம். அக்கற்களின் உடைந்த துண்டுகள் இன்றும் காட்சிச்சாலைகளில் உள்ளன.

ஆனால், அப்பணி முடியும்போது அவர் தலைநகரில் இல்லை. 178ஆம் ஆண்டில் நாட்டில் தோன்றிய தீக்குறிகளுக்குக் காரணம் யாதென்று லிங் பேரரசர் வினவ, சாய் யோங் அரண்மனையின் ஊழலை மூடிய மடலில் அஞ்சாது எழுதி அளித்தார். அம்மடலின் செய்தி பகைவர் காதுக்கு எட்டிவிட்டது. மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. தலை மழிக்கப்பட்டு, குடும்பத்துடன் வட எல்லைக்கு அனுப்பப்பட்டார். ஒன்பது திங்கள் கழித்து மன்னிப்புக் கிடைத்தது. புறப்படும் வேளையில் எல்லை மாவட்ட ஆளுநர் பிரிவு விருந்து வைத்துத் தாமே எழுந்து ஆடி, இவரையும் ஆட அழைத்தார். அவர் அந்தப்புர அதிகாரி ஒருவரின் தம்பி. சாய் யோங் எழவில்லை. அந்த ஒரு மறுப்பால் புதிய பகை மூண்டது. ஊர் திரும்ப அஞ்சிய அவர், தெற்கே வூ நாட்டுக்கு ஓடி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிறர் ஆதரவில் வாழ்ந்தார்.

அங்கேதான் அந்த அடுப்பு எரிந்தது. வூ நாட்டார் ஒருவர் தோங் மரத்துண்டை விறகாக இட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார். தீயில் அது வெடித்த ஓசை சாய் யோங்கின் காதில் விழுந்தது. கேட்ட அளவிலேயே அது நல்ல மரம் என்று உணர்ந்தார். அதனை வேண்டிப் பெற்று, எரிந்தது போக எஞ்சியதைக் கொண்டு ஒரு சின் செய்வித்தார்.

தோங் மரம் இலேசானது. உலர்ந்தபின் எளிதில் கோணாதது. நரம்பின் அதிர்வை விரைந்து ஏற்பது. சின் கருவிக்கு அதனையே மேற்பலகையாகக் குடைந்து, அடியில் வன்மையான வேறொரு பலகையைப் பொருத்துவர். இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடமே ஒலியை வளர்ப்பது. சாய் யோங் பெற்ற கருவியும் எதிர்பார்த்தபடியே இனிது ஒலித்தது. ஆயினும், அதன் வால் முனையில் தீயின் கருமை நீங்கவில்லை. அதனால் மக்கள் அதற்குக் கரிந்த வால் என்றே பெயரிட்டனர்.

விறகைக் காத்தவருக்கு ஒரு காவலர் வாய்க்கவில்லை. 189இல் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவன் துங் சுவோ அவரை அழைத்தான். வர மறுத்தால் குலத்தையே அழிப்பதாக மிரட்டினான். சென்றவருக்கு உயர்பதவிகள் அளித்தான். 192இல் துங் சுவோ கொல்லப்பட்டான். கொடியவனாயினும் தம்மை மதித்தவன் என்பதால் சாய் யோங் தம்மையறியாது பெருமூச்செறிந்தார். அமைச்சர் வாங் யுன் அதனையே குற்றமாக்கிச் சிறையிட்டார். முகத்தில் பச்சை குத்தி, காலை வெட்டினாலும் சரி, ஹான் வரலாற்றை எழுதி முடிக்க உயிர் ஒன்றை மட்டும் விடுக என்று அவர் மன்றாடினார். பலர் பரிந்து பேசியும் பயனில்லை. பின்னர் வாங் யுன் மனம் மாறித் தடுக்க முயன்றபோது காலம் கடந்திருந்தது. அறுபது அகவையில் சாய் யோங் சிறையில் மாண்டார். அவர் எழுத விரும்பிய வரலாறும் முற்றுப்பெறவில்லை.

அவர் மகள் வென்ஜி தந்தையின் செவியைப் பெற்றவள். அறுந்த நரம்பு எத்தனையாவது என்று இளமையிலேயே ஒலிகேட்டுச் சொன்னாள் என்பர். போர்க்குழப்பத்தில் அவள் சிறைபிடிக்கப்பட்டு, சியோங்னு நாட்டில் 12 ஆண்டுகள் வாழ்ந்தாள். தந்தையின் நண்பராயிருந்த சாவ் சாவ் பொருள் கொடுத்து அவளை மீட்டார். பெற்ற இரு மைந்தரை அங்கேயே விட்டு வந்தாள். தந்தையார் அளித்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளுள் ஒன்றும் எஞ்சவில்லை. ஆயினும், நானூறுக்கு மேற்பட்டவற்றை நினைவிலிருந்தே எழுதிக் கொடுத்தாள். தந்தை தீயிலிருந்து ஒரு மரத்தை மீட்டார்; மகள் அழிவிலிருந்து நூல்களை மீட்டாள்.

சாய் யோங்கின் சின் இன்று இல்லை. ஆனால், சின் கருவியின் வால் முனைக்கு இன்றும் 'கரிந்த வால்' என்பதே பெயர். 2003இல் யுனெஸ்கோ அவ்விசையை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அழகிய மேடைதோறும் அது ஒலிக்கும்போது, ஓர் அடுப்பின் நினைவும் உடன் ஒலிக்கின்றது.

ஊரைவிட்டு வந்து வாழும் நாம் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று. சாய் யோங் அம்மரத்தைக் கண்டது தம் அரண்மனை நாட்களில் அன்று. அயல்நாட்டில், பிறர் வாயிலில் நின்ற நாட்களில். நம்மைச் சுற்றியும், எவரும் கேளாமல், எத்தனையோ இளம் திறன்கள் விறகோடு விறகாய் எரிகின்றன. அவற்றின் ஒலியைக் கேட்கும் செவியும், தீ முற்றுமுன் கைநீட்டும் விரைவும் நமக்கு வாய்ப்பனவாக!