அரசி டோனா கத்தரீனா

பள்ளி நாட்களில் விமலதர்மசூரியனின் போர்களை ஆண்டுகளோடு மனனம் செய்தோம். அவர் மணந்த அரசியின் பெயரும் ஒரு வரியில் வந்துபோனது. பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிட்டோம். நம் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போன வாழ்வை எங்கெங்கோ வாழும் நம் சகோதரிகளோடு சேர்ந்து நினைவுகூர விரும்புகின்றோம்.

கண்டி மன்னர் கரலியத்தே பண்டாரவின் மகளாகப் பிறந்தவர் குசுமாசன தேவி. 1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை மன்னர் முதலாம் இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்றவே, மன்னர் குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கமாகத் தப்பிச் சென்றார். அங்கே வைசூரி நோய் பெற்றோரைப் பறித்தது. அநாதையான குழந்தையை உறவினர் யமசிங்க பண்டார போர்த்துக்கேயரிடம் கொண்டு சேர்த்தார். ஞானஸ்நானத்தில் டோனா கத்தரீனா என்ற பெயர் பெற்று, மன்னாரில் கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்ந்தார். கண்டியின் முடிக்குரிய வாரிசு தம் கையில் இருப்பதை வளர்த்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இதற்கிடையில், போர்த்துக்கேயருடன் இருந்த கொனப்பு பண்டார அவர்களை விட்டுப் பிரிந்து, விமலதர்மசூரியன் எனக் கண்டியில் முடிசூடிக்கொண்டார். 1594இல் தளபதி பெத்ரோ லோபஸ் த சூசா பெரும் படையோடு சென்று, பதின்ம வயதுக் கத்தரீனாவைக் கண்டியின் அரசியாக்கினார். அரசியைச் சூழ்ந்து அந்நியரே நிற்பதைக் கண்டு மக்கள் மனம் கசந்தது. போர்த்துக்கேயர் ஒருவருக்கே அவரை மணமுடித்து வைப்பார்கள் என்ற பேச்சும் பரவியது. உள்ளூர்ப் படையினர் கைவிட்டுச் செல்ல, தந்துறையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. கத்தரீனாவின் சொந்த ஆட்சியும் அதோடு முடிந்தது.

வெற்றி பெற்ற விமலதர்மசூரியனுக்கும் அரச வம்சத்து உரிமை தேவைப்பட்டது. கத்தரீனாவை மணந்து அதைப் பெற்றார். 1602இல் கண்டிக்கு வந்த ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன், அரசியையும் பிள்ளைகளையும் ஐரோப்பிய உடையில் கண்டார். மன்னாரில் வளர்ந்த நாட்களின் சாயல் அவரை விட்டு நீங்கவில்லை.

1604இல் கணவர் இறந்தார். அடுத்து முடிசூடிய செனரத்தும் கத்தரீனாவையே மணந்தார். மூத்த மகனைப் பறிகொடுத்த துயரோடு, 1613இல் இளவயதிலேயே அரசி காலமானார். செனரத்துக்கும் அவருக்கும் பிறந்த மகனே இரண்டாம் இராஜசிங்கன். தாயை வளர்த்த போர்த்துக்கேயரை விரட்ட, அவர் ஒல்லாந்தரோடு கைகோத்தார். 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் வசமானது. அவர்கள் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்த காலத்தில் மறைந்து பணியாற்றிய குருவானவர் ஒருவரின் நினைவோடுதான் நம் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் கதை தொடங்குகிறது.

கத்தரீனாவுக்குப் பெயர் தந்தார்கள், சமயம் தந்தார்கள், முடியும் சூட்டினார்கள். யாரை மணப்பது, எங்கே வாழ்வது என்பதை மட்டும் வென்றவர்களே தீர்மானித்தார்கள். நம் பாட்டிமார் சிலேட்டோடு நுழைந்த அதே வாசலால் நாமும் படித்து வெளியே வந்தோம். அவருக்குக் கிட்டாத அந்த உரிமை நம் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கிட்டும்வரை நம் சங்கத்தின் பணி முடிவதில்லை.