பஞ்சத்தைப் படம் பிடித்த பட்டாளத் துரை

வாலாஜாபேட்டைத் தோழர்களுக்குத் தங்கள் ஊர் இரயில் நிலையத்தின் பெருமை நன்றாகத் தெரியும். தென்னாட்டின் முதல் இரயில், 1856 ஜூலை 1ஆம் நாள், சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் வாலாஜா ரோடுதான். நாகரிகம் வந்துவிட்டது, இனி நாடு செழிக்கும் என்றார்கள். இருபதே ஆண்டுகள் சென்றன. 1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் பட்டினியால் மாண்டார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லி வந்தது அதைத்தான்.

அந்தப் பஞ்சத்தின் முகத்தை நாம் இன்றும் காண முடிகிறது. விலா எலும்பு தெரியும் ஆண்கள், வற்றிய மார்போடு குழந்தையை அணைத்திருக்கும் தாய்மார்கள், வயதுக்கு மீறிய முதுமை ஏறிய சிறுவர்கள். புகைப்படங்களாக அவை நிற்கின்றன. எடுத்தவர் யார்? ஏழை பங்காளரா? இல்லை தோழர்களே! வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி!

1837-ல் இலண்டனில் பிறந்தவர் ஹூப்பர். 1858-ல் சென்னைக் குதிரைப்படையில் சேர்ந்தார். புகைப்படக் கலையில் தீராத மோகம் கொண்டவர். இந்நாட்டு மக்களைச் சாதிவாரியாக, இனவாரியாகப் படம் பிடிக்கும் வேலையில் அரசாங்கம் அவரை ஈடுபடுத்தியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற நூலில் அவர் எடுத்த படங்களும் உண்டு. பின்னர் வெஸ்டர்ன் என்ற கால்நடை மருத்துவரோடு கூட்டுச் சேர்ந்து, புலி வேட்டைக் காட்சிகளைப் படமெடுத்து விற்றார். புலியும் அவருக்குக் காட்சிப் பொருள், மனிதனும் காட்சிப் பொருள்.

அந்த நேரத்தில்தான் பஞ்சம் வந்தது. 1877 ஜனவரி 1ஆம் நாள், விக்டோரியா இராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று தில்லியில் தர்பார் கூட்டி விருந்து நடத்தினார் வைசிராய் லிட்டன். இங்கே நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று கணக்குப் போட்டார் ரிச்சர்டு டெம்பிள். கோதுமையோ கப்பலேறி இங்கிலாந்து போய்க்கொண்டிருந்தது!

ஹூப்பர் தம் காமிராவைத் தூக்கிக்கொண்டு பசித்தவர்களிடம் போனார். வரிசையாக உட்கார வைத்தார், அசையாதே என்றார், படமெடுத்தார். எடுத்து முடித்ததும் ஒரு பிடி சோறும் கொடுக்காமல் அனுப்பினார் என்ற பழி அவர்மீது விழுந்தது. படத்திலிருப்பவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவருக்கு அது தேவைப்படவில்லை.

ஆனாலும் அந்தப் படங்களின் பொருள் அவர் கைக்குள் அடங்கவில்லை. அந்தக் கண்கள் நேரே நம்மைப் பார்க்கின்றன. சோறு எங்கே போயிற்று என்று கேட்கின்றன. சாம்ராஜ்யத்தின் அதிகாரி எடுத்த படமே சாம்ராஜ்யத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

ஹூப்பர் திருந்தினாரா? 1886-ல் பர்மாவில், மாந்தலே நகரில், கைதிகளைச் சுட்டுக் கொல்லும் இடத்தில் அதிகாரியாக நின்றார். குண்டு பாயும் நொடியைப் படமாக்க வேண்டுமென்று, சுடும் உத்தரவைக் காமிராவுக்காகத் தாமதப்படுத்தினார் என்ற செய்தி இலண்டன் பத்திரிகையில் வந்தது. கண்டனம் எழுந்தது, விசாரணை நடந்தது. தண்டனை என்ன? ஒரு கண்டிப்பும், சிறிது காலச் சம்பளக் குறைப்பும்! 1912-ல் அவர் இறந்தார்.

அதே கருவியை வேறு விதமாகப் பிடித்தவரும் உண்டு. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன், 1908 முதல் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்தார். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் வயதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். முதலாளிக்குத் தெரியாமல், தம் சட்டைப் பொத்தானை அளவுகோலாக வைத்து உயரத்தைக் கணித்தார். குழந்தை உழைப்பை ஒழிக்கும் இயக்கத்துக்கு அந்தப் படங்கள் ஆயுதமாயின. 1938-ல் அங்கே சட்டமும் வந்தது.

இரண்டு படத்திலும் துன்பம் இருக்கிறது. ஒன்றில் மனிதன் பொருளாகிறான், மற்றொன்றில் பெயரும் வயதும் உள்ள ஆளாக நிற்கிறான். வேறுபாடு கண்ணாடி வில்லையில் இல்லை, பிடித்தவன் நெஞ்சில் இருக்கிறது.

இன்று தோல் பதனிடும் தொழிலாளியின் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. பாலாற்றில் வெள்ளம் வந்தால் அரிசிப் பை கொடுக்க ஓடுகிறோம், நல்லது. ஆனால் ஐந்து கிலோ பையைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு, வாங்கும் தாயைக் காமிராவைப் பாரம்மா என்று சொல்லும்போது, அவள் தலை குனிகிறாளே, அதைக் கவனித்தோமா? ஹூப்பர் சோறு போடாமல் படமெடுத்தார். நாம் படத்துக்காகச் சோறு போடலாமா?

படம் எடுங்கள் தோழர்களே! ஒழுகும் கூரையை எடுங்கள், நாறும் வாய்க்காலை எடுங்கள், கிடைக்காத கூலியின் கணக்குச் சீட்டை எடுங்கள். அந்தத் தாயை எடுக்க வேண்டுமானால், முதலில் அவள் பெயரைக் கேளுங்கள், பிறகு அவள் சம்மதத்தைக் கேளுங்கள்.