திருவாசகத்தில் கரைந்த பாதிரியார்: ஜி.யு. போப்

ஆயர் தாவார், ஏப்ரல் 24 – திருவாசகத்தின் பெருமையைப் பேசும் எந்த மேடையிலும் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் பெயர் வராமல் இருக்காது. அவர்தான் ஜி.யு. போப். அவர் சைவர் அல்லர், தமிழரும் அல்லர். கிறிஸ்துவ சமயத்தைப் பரப்பத் தமிழகம் வந்தவர், கடைசி வரையில் கிறிஸ்துவராகவே வாழ்ந்து மறைந்தார். ஆனாலும் மாணிக்கவாசகரின் பாடல்களை ஆங்கில உலகின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் அவரே. இன்று அவருடைய பிறந்த நாள்.

போப் மறைந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2005-இல், இளையராஜாவின் இசையில் திருவாசகம் குறுவட்டாக வெளிவந்தது. அதைக் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் உருகினர், இன்னொரு பகுதியினர் முகம் சுளித்தனர். திருவாசகத்தை யார் பாடலாம், எப்படிப் பாடலாம், யார் கேட்டு உருகலாம் என்ற கேள்விகள் அன்று எழுந்தன. போப்பின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், அந்தக் கேள்விகள் அவர் காலத்திலிருந்தே நம்மோடு வருவது புரியும்.

கப்பலேறி வந்த இளைஞர்

ஜார்ஜ் யுக்ளோ போப் 1820 ஏப்ரல் 24-ஆம் நாள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பினார். 1839-இல், பத்தொன்பது வயதில், மெதடிஸ்ட் சபையின் ஊழியராகச் சென்னை வந்து இறங்கினார். நம் சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்து மக்களுக்கு மெதடிஸ்ட் என்ற பெயர் புதிதல்ல. சில ஆண்டுகளில் போப் அந்தச் சபையிலிருந்து விலகி, இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்றார்.

1840களில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரத்தில் பள்ளி அமைத்து, ஊழியம் செய்யும் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். 1845-இல் அவருடைய முதல் மனைவி இறந்துபோனார். பின்னர் மறுமணம் செய்துகொண்டு 1851-இல் தஞ்சாவூருக்கு வந்தார். அங்கே சபையாரோடு அவருக்குக் கடும் கருத்து வேறுபாடுகள் ஏற்பட்டன. அதன் பிறகு உதகமண்டலத்தில் பள்ளி நடத்தினார். 1871 முதல் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியின் முதல்வராக இருந்தார். எங்கு போனாலும் மிகவும் கண்டிப்பான ஆசிரியர் என்றே பெயர் வாங்கினார்.

எளிதில் இளகும் மனிதராக அவரை யாரும் நினைத்ததில்லை. அவரை இளக வைத்தது தமிழ்தான். மாணவர்களுக்காகத் தமிழ் இலக்கண நூல்களை எழுதியவர், படிப்படியாக நீதி நூல்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் வந்து சேர்ந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டு முற்றத்தில் ஓர் உரையாடல்

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்தியாவில் உழைத்த பிறகு, 1880களில் போப் இங்கிலாந்து திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பலரும் ஓய்வை நினைக்கும் வயதில் அவருடைய பெரிய வேலைகள் தொடங்கின. திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இல் வந்தது. நாலடியார் 1893-இல் வந்தது.

அடுத்தது திருவாசகம். 51 பகுதிகள் கொண்ட அந்த நூலை இந்த முதுமையில் முடிக்க முடியுமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டிடம் ஓர் இரவு அதைச் சொன்னார். பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதுதான் நீண்ட நாள் வாழும் வழி, அதை முடிக்கும் வரை நீங்கள் இருப்பீர்கள் என்று அந்த நண்பர் தோளில் கைவைத்துத் தேற்றினாராம். இதைப் போப் தம் நூலின் முன்னுரையில் நினைவுகூர்ந்திருக்கிறார். தேற்றிய ஜோவெட் 1893-இல் காலமாகிவிட்டார். போப் வேலையை முடித்தார். திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அவர் இட்ட தேதி 1900 ஏப்ரல் 24. அன்று அவருக்கு வயது எண்பது நிறைந்தது.

பாடல்களின் மொழிபெயர்ப்போடு மாணிக்கவாசகரின் வரலாற்றையும் சைவ சித்தாந்த விளக்கங்களையும் அந்த நூலில் சேர்த்தார். மாணிக்கவாசகரை விளக்க அவருக்குக் கிடைத்த ஒப்புமைகள் புனித பவுலும் அசிசி நகரத்துப் புனித பிரான்சிசும். தம் சமயத்தில் தாம் மிக உயர்வாக மதித்தவர்களின் வரிசையில் திருவாதவூராரை உட்கார வைத்தார். தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை, அதற்காக எதிரில் இருந்த பாட்டின் உயரத்தைக் குறைத்துச் சொல்லவும் இல்லை.

திருவாசகத்தைப் பற்றிக் கடிதம் எழுதும்போது போப்பின் கண்ணீர் விழுந்து எழுத்து கலைந்தது என்று மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். நம்மவர்கள் அந்தக் கதையை விரும்பித் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருவாசகத்துக்கு உருகாதவர் வேறு எதற்கும் உருகமாட்டார் என்பது நம் முதியோர் வழக்கு. அந்த வழக்கு கடல் கடந்தும் செல்லும் என்பதற்குப் போப்பே சாட்சியாகிவிட்டார்.

புடாபெஸ்ட்டில் ஒலித்த பாடல்

போப் திருவாசகத்தை ஆங்கில எழுத்தில் தந்தார். மேற்கத்திய சேர்ந்திசையில் அது ஒலித்தது 2005-இல். அந்த முயற்சியைத் தோள்கொடுத்து நடத்தியது தமிழ் மையம் என்ற அமைப்பு. அதன் பின்னணியில் நின்றவரும் ஒரு பாதிரியாரே, கத்தோலிக்கக் குரு ஜெகத் கஸ்பார் ராஜ். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, இளையராஜா பாடினார். யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகியவற்றிலிருந்து எடுத்த வரிகள் ஆறு பாடல்களாயின.

மக்கள் அதைத் திருவாசகம் சிம்பொனி என்றே அழைத்தார்கள். சரியான பெயர் ஒரட்டோரியோ. தனிக்குரலும் பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து, நடிப்பு இல்லாமல், சமயப் பொருளைப் பாடுவது அந்த வடிவம். ஜெர்மனியில் பிறந்த ஹாண்டெலின் மெசையா அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். ஐரோப்பியத் தேவாலயங்களில் பாடகர் குழு பாடும் திருப்பலி இசைக்கு அது நெருங்கிய உறவு.

அந்த உறவு இந்தக் குறுவட்டில் ஆள் வழியாகவும் வந்தது. இடையிடையே வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். 1971-இல் வாஷிங்டனில் கென்னடி கலை மையம் திறக்கப்பட்டபோது லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் அரங்கேற்றிய மாஸ் என்ற படைப்பின் ஆங்கில வரிகளில் இவருக்கும் பங்கு உண்டு. லத்தீன் திருப்பலி வாசகங்களோடு ராக் இசையையும் தெருப்பாடகர்களையும் கலந்த படைப்பு அது. கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சிலர் கண்ணீர் விட்டனர். கத்தோலிக்கத் தலைவர்கள் சிலர் தெய்வ நிந்தனை என்று கண்டித்தனர். இசைத்தட்டு வெளிவந்த பிறகும் விவாதம் ஓயவில்லை. 2000-ஆம் ஆண்டில் அதே படைப்பு வத்திக்கானிலேயே நிகழ்த்தப்பட்டது.

கேட்டவர்கள் சொன்னது

திருவாசகம் குறுவட்டுக்கும் ஏறக்குறைய அதே வரவேற்புதான். ஓதுவார்கள் பண்ணோடு பாடிக் கேட்டுப் பழகியவர்களுக்கு வயலின்களின் அலை அந்நியமாக இருந்தது. சினிமாப் பாட்டின் சாயல் அடிக்கிறது என்றார்கள் சிலர். இது சிம்பொனியே இல்லை என்று இலக்கணம் பேசினார்கள் வேறு சிலர். ஆங்கில வரிகள் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. சைவத் திருமுறையில் பாதிரியாருக்கு என்ன வேலை என்ற முணுமுணுப்பும் எழுந்தது. இன்னொரு பக்கம், திருவாசகத்தை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காத இளைஞர்கள் இந்தப் பாடல்களைக் கேட்டுவிட்டு மூல நூலைத் தேடிப் போனார்கள்.

இந்த விமர்சனங்களை எல்லாம் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. திருப்பொற்சுண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். சைவ மரபில் இறந்தவர் வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடப்படுவது அது. தாயையோ தகப்பனையோ அந்தப் பாட்டோடு வழியனுப்பியவரின் காதில், இசைக்குழுவின் துள்ளலோடு வரும் அதே வரிகள் வேறு விதமாகத்தான் விழும். பாடலுக்குள் இருப்பதோ இறைவனின் திருமஞ்சனத்துக்குப் பெண்கள் மகிழ்ச்சியோடு பொடி இடிக்கும் காட்சி. அந்த மகிழ்ச்சியைக் கேட்டவர் குறுவட்டை ரசிப்பார். துக்க வீட்டை நினைத்தவர் அதை அணைத்துவிடுவார். இருவருமே திருவாசகத்தைத்தான் கேட்கிறார்கள்.

போப்பின் வாழ்க்கை சொல்லும் பதிலும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. அவர் திருவாசகத்தைத் தம் சமயத்துக்குள் இழுத்துக்கொள்ளவில்லை, தாமும் மதம் மாறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே ஆண்டுக்கணக்கில் சொல் சொல்லாகக் கேட்டார். புரியாததைப் படித்துத் தெரிந்துகொண்டார். அந்த உழைப்புதான் அவருடைய உருக்கத்துக்கு மதிப்பைத் தந்தது. போப் அந்தப் பொறுமையோடு வந்ததால்தான், பாதிரியாருக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி அவரைப் பார்த்து இன்று எழுவதில்லை.

பேராக்கின் தோட்டப்புறங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு கிளை ஆலயத்துக்கும் மறு கிளை தேவாலயத்துக்கும் போவது உண்டு. திருமணத்திலும் துக்கத்திலும் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டு நிற்கிறார்கள். அப்படி நிற்கும்போது எப்படிக் கேட்பது என்பதற்கு எண்பது வயதுப் பாதிரியார் ஒரு வழி காட்டியிருக்கிறார்.

போப் 1908 பிப்ரவரியில் மறைந்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அதன் இரண்டாம் மாநாடு 1968-இல் சென்னையில் நடந்தபோது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவருடைய கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறிக்கப்பட்டிருப்பதாக நம் மேடைகளில் சொல்வதுண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள கல்லில் அந்தச் சொற்கள் இல்லை. அந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவின் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள் என்ற செய்திதான் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.