கிண்டி தொழிற்பேட்டை பெயரில் இருக்கும் திரு.வி.க. யார்?

பீர்க்கன்கரணையிலிருந்து கிளம்பி, பெருங்களத்தூரில் மின்சார ரயில் பிடித்து, கிண்டியில் இறங்கி வேலைக்குப் போறவங்க நம்மில் நிறைய பேர். அங்கே உள்ள தொழிற்பேட்டையின் பெயர் திரு.வி.க. தொழிற்பேட்டை. யார் இவர்?

திருவாரூர் வி. கல்யாணசுந்தரம் 1883-ல் செங்கல்பட்டு மாவட்டம் துள்ளம் கிராமத்தில் பிறந்தார். ஸ்பென்சர் கம்பெனியில் குமாஸ்தா, வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர், 1917-ல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர். தொழிற்சங்கத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

சங்கம் ஏன் வந்தது?

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. நீண்ட வேலை நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி நேர இடைவேளை. குறையைச் சொன்னால் கேட்க ஆள் இல்லை. 1918 ஏப்ரல் 27-ல் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா தலைவர். தமிழில் பேசி தொழிலாளர்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் திரு.வி.க.

நிர்வாகம் சங்கத்தை ஏற்கவில்லை, கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்தே விலக வேண்டியதாயிற்று. இந்த வழக்குக்குப் பிறகு எழுந்த கோரிக்கைதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது.

1921: உடைந்தது எங்கே?

அந்த ஆண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஒரு கட்டத்தில் தொழிலாளர்களே சாதியால் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. திரு.வி.க.வை நாடுகடத்தப் போவதாக ஆளுநர் வில்லிங்டன் எச்சரித்தார். போராட்டம் தோற்றது. நிர்வாகத்தின் மீது மட்டுமில்லை, பக்கத்தில் நின்று வேலை செய்தவர் மீதும் நம்பிக்கை போயிருந்தது.

திரு.வி.க. விலகிப் போகவில்லை. 1947-ல், 60 வயதைத் தாண்டிய பிறகும், அதே ஆலைத் தொழிலாளர் போராட்டத்துக்காக வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1953 செப்டம்பர் 17-ல் மறைந்தார்.

இன்று ஏன் தெரிஞ்சுக்கணும்?

பின்னி ஆலைகள் 1996-ல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தபோது, முக்கியக் கோரிக்கை சம்பளம் மட்டுமில்லை, சங்கத்துக்கு அங்கீகாரம். 1918-ல் பெரம்பூரில் கேட்டதும் இதுதான்: எங்கள் சார்பில் யார் பேசுவது என்பதை நாங்களே முடிவு செய்யணும். அதை நிர்வாகம் ஏற்ற பிறகுதான் மற்ற பேச்சுவார்த்தையே தொடங்க முடியும்.