பேராசிரியர் பிக்கார்டு

மேலே எறியப்பட்ட பொருள் கீழே விழுதல் இயற்கை. ஆயின், மேலே சென்றது பழுதின்றி மீண்டு, அடுத்த முயற்சிக்கு வேண்டும் அறிவையும் உடன்கொண்டு வருதல் அரிது. அவ்வருஞ்செயலை ஆற்றியவர் அகஸ்ட் பிக்கார்டு என்னும் பௌதிகப் பேராசிரியர்.

இவர் சுவிட்ஸர்லாந்து தேசத்துப் பேஸல் நகரில், 1884-ம் ஆண்டு ஜனவரி 28-ம் நாள் இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்தார். தந்தையார் அந்நகர்ச் சர்வகலாசாலையில் இரசாயனம் போதித்தவர். ஜூரிச் நகரிற் கற்றுத் தேர்ந்த பிக்கார்டு, 1922-ம் ஆண்டில் பெல்ஜியத்துப் பிரஸ்ஸல்ஸ் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார்.

விண்ணினின்று வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய அவர் பெரிதும் விரும்பினார். அதற்கு வாயுமண்டலத்தின் பெரும்பகுதியைக் கடந்து ஏறுதல் வேண்டும். அவ்வுயரத்திலோ காற்றின் அழுத்தம் தரையிலுள்ளதிற் பத்தில் ஒரு பங்கே; அங்கே மனிதன் உயிர்வாழான். ஆதலின் அலுமினியத்தாற் காற்றுப் புகாத கோளமொன்று செய்து, அதனுள் பிராணவாயுவைச் சேமித்து, ஒரு பெரிய பலூனின்கீழ்த் தொங்கவிட்டார். மேலே ஏறுந்தோறும் வாயு விரியுமாதலின், தரையில் அப்பலூனின் சிறுபகுதியே நிரப்பப்பட்டது.

1931-ம் ஆண்டு மே 27-ம் நாள், ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரினின்று பவுல் கிப்ஃபர் என்னும் உதவியாளருடன் அவர் எழுந்தார். எழுந்த சிறிது நேரத்தில் கோளத்திலிருந்து காற்றுக் கசிந்தது. அதனை வாசலினும் நாரும் கொண்டு அடைத்தார். 15,781 மீட்டர் உயரம் எய்திய பின்னர், இறங்குதற்குரிய வால்வின் கயிறு சிக்கிக்கொண்டது. கோளத்தின் ஒரு பாதிக்குக் கருமையும் மறு பாதிக்கு வெண்மையும் பூசி, வேண்டியவாறு வெயிலுக்குத் திருப்ப எண்ணியிருந்தார். திருப்பும் பொறியும் இயங்காமையால் உள்ளே வெப்பம் மிக்கது. இருவரும் தாகத்தால் வாடினர். மாலையில் வாயு குளிர்ந்து சுருங்கவே பலூன் தானே தாழ்ந்து, ஆஸ்திரியாவின் பனிமலையொன்றில் இரவில் இறங்கியது.

உயிர் தப்பியது போதுமென்று அவர் ஓய்ந்திலர். 1932-ம் ஆண்டு ஆகஸ்ட் 18-ம் நாள், ஜூரிச் அருகிலிருந்து மாக்ஸ் கோசின்ஸ் என்பாருடன் மீண்டும் எழுந்தார். முன் கண்ட வெப்பத்திற்கு அஞ்சி இம்முறை கோளத்திற்கு வெண்மையே பூசினார். அதனாற் குளிர் வருத்திற்று. எனினும் ஏறக்குறைய 16,200 மீட்டர் ஏறி, இத்தாலியில் நலமே இறங்கினார். 1934-ம் ஆண்டில் கோசின்ஸ் அப்பலூனிலேயே மற்றொருவருடன் பறந்தார்.

பின்னர்ப் பிக்கார்டு அம்முறையையே தலைகீழாக்கினார். வாயுவுக்கு ஈடாக, நீரினும் இலேசான பெட்ரோலை நிரப்பிய மிதவையின்கீழ் எஃகுக் கோளத்தைப் பொருத்திக் கடலுள் இறங்கினார். 1953-ம் ஆண்டில் தம் மைந்தர் ஜாக்குடன் 'திரியெஸ்தே' என்னும் கலத்தில் 3,150 மீட்டர் ஆழம் கண்டார். அக்கலமே 1960-ம் ஆண்டில் அம்மைந்தரையும் டான் வால்ஷ் என்பாரையும் பசிபிக் கடலின் மிக்க ஆழத்திற்குக் கொண்டு சென்றது. அவ்வெற்றியைக் கண்ட தந்தையார் 1962-ம் ஆண்டு மார்ச் 24-ம் நாள் உயிர்நீத்தார்.

இன்று உயரப் பறக்கும் விமானங்களிற் பிரயாணிகள் அச்சமின்றி மூச்சுவிடுவது, காற்றடைத்த அறையினுள் இருத்தலினாலன்றோ? அத்தகைய அறையினுள் மனிதன் அவ்வுயரத்தில் வாழ்தல் கூடுமென்று தம் உயிரையே பணயம் வைத்துக் காட்டியவர் இவர். மாணவ நண்பர்களே, ஒரு முயற்சியிற் பிழை நேர்தல் இழிவன்று. அப்பிழையைக் குறித்துவைத்துத் திருத்திக்கொண்டு மீண்டும் எழாமையே இழிவாம்.