பிரெடரிக் டக்ளஸ்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1818ஆம் ஆண்டு அடிமைத் தாயொருவருக்குப் பிறந்தவர் பிரெடரிக் டக்ளஸ். கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார். வேறொரு பண்ணையில் பகலெல்லாம் உழைத்த அத்தாய், இரவில் பல கல் நடந்து வந்து மகனைத் துயிலச் செய்து, விடியுமுன் திரும்புவார். சிறுவனுக்கு ஏழு வயதளவில் அவரும் மறைந்தார். பசியும் குளிரும் சாட்டையுமே அச்சிறுவன் கண்ட உலகம். பனிக்கால இரவுகளில் கோணிப்பைக்குள் தலையை நுழைத்து உறங்கினார். பாதங்கள் வெடித்துப் பிளந்தன.

பால்டிமோர் நகரில் எசமானியம்மாள் எழுத்துக் கற்பித்தார், எசமானர் தடுத்தார். படித்தவன் அடிமையாய் இரான் என்ற அவரது அச்சமே சிறுவனுக்கு வழிகாட்டிற்று. தெருவில் வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கேட்டார். பதினாறாம் வயதில், அடிமைகளை அடித்து அடக்குவதில் பேர்பெற்ற குடியானவரிடம் விடப்பட்டார். பல மாதம் அடிபட்டபின் ஒருநாள் எதிர்த்து நின்றார். அதன்பின் அம்மனிதர் அவரை அடிக்கவில்லை. 1838இல் தப்பிச் சென்றார்.

1845இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். பட்ட துன்பத்தை மறைக்காமல் உரைத்தமை அவர் புண்ணுக்கு முதல் மருந்தாயிற்று. 1848இல் பழைய எசமானர் தாமஸ் ஆல்டைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். 1877இல், நோயுற்றுக் கிடந்த அதே ஆல்டை நேரில் கண்டார். இருவரும் கலங்கினர். தம் பாட்டியாரைக் கைவிட்டதாகச் சாட்டியது தவறென அறிந்து ஒப்புக்கொண்டார். தாம் பிறந்த காலத்தையும் கேட்டறிந்தார். அடிமை முறையை அவர் மன்னிக்கவில்லை. நெஞ்சிலிருந்த பகையை மட்டும் இறக்கி வைத்தார். 1895இல் மறைந்தார்.

அடியும் இழிசொல்லும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையேயும் உண்டு. அது அவர்தம் குற்றமன்று என்பதை நாம் உணர்த்துவோம். நம் பிள்ளைகள்மீது நாமே கை ஓங்காதிருப்போம். எழுத்தறிவை ஈவோம்; அவர்கள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்போம்.